மீசை கறுத்தபோது

கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளியில் அவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் அவர் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். "நாம மிதிக்கறதுக்குள்ள வண்டி நின்னுடும். யார் மிதிச்சதுன்னே தெரியாது" என்று அவரிடம் படித்தவர்கள் வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஒரு பெண் நேராக விளக்குக் கம்பத்தை நோக்கி வண்டியை விட்டபோதுகூட, "கம்பம் நகராதும்மா, நாமதான் நகரணும்" என்றுதான் சொன்னாராம்.

அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். "ஸ்பேர் ஒண்ணு இருக்கில்ல" என்று அதையும் வண்டிக் கணக்கில் சேர்த்துவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார். கொஞ்ச காலம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு ஸ்கேனில் நுரையீரலில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும் என்றார் மருத்துவர்.

மாத்திரை வேலை செய்தது. புள்ளிகள் சுருங்கின. கூடவே அவருடைய தலைமுடி, புருவம், மீசை எல்லாம் பஞ்சு மாதிரி வெளுத்துப்போயின. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தடித்துத் தோல் உரிந்தது. முடி வெளுத்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இப்பதான் பசங்க மரியாதையா பேசுறாங்க" என்றார். கால்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. செருப்பே குத்தியது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். மருத்துவர் கேட்டால் மட்டும், "பரவாயில்லை டாக்டர், சமாளிச்சுக்கிறேன்" என்பார்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரே தங்கை. வீட்டில் சின்னவள் என்று பெயர் விழுந்து, நாற்பதை நெருங்கியும் அது மாறவில்லை. சின்னவள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புற்றுநோய் செல்களை வளர்ப்பவள். "பிள்ளைங்களை வளர்க்கச் சொன்னா இவ புத்தை வளர்க்கிறா" என்று அக்கா கிண்டல் செய்வாள். அதில் பாதி உண்மை. சின்னவள் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்த செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில், சிவப்புத் திரவத்தில், உடம்புச் சூட்டில் வைத்து வளர்ப்பாள். அவை நன்றாக வளர்ந்ததும் மருந்தை ஊற்றுவாள். பெரும்பாலானவை செத்து மிதக்கும். ஒன்றிரண்டு மட்டும் தரையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். வாரங்கள் போனதும் அவை பெருக ஆரம்பிக்கும், அதே மருந்துக்கு நடுவிலேயே. அந்த ஒன்றிரண்டும் என்ன செய்து தப்பிக்கின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தக் கேள்விக்கே பல வருடங்களைக் கொடுத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"என்ன, லாட்டரி அடிச்சுதா?" என்றார் அத்தான்.

"அதுக்கும் மேல அத்தான். உங்க பாஷையிலேயே சொல்றேன். மருந்துங்கிறது பிரேக். நாங்க பிரேக்கைப் போடுறோம். இந்தத் தப்பிச்ச செல்லுங்க என்ன பண்ணுதுன்னா, ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தி மிதிக்குது. பிரேக்கும் அழுத்தம், ஆக்சிலரேட்டரும் அழுத்தம். வண்டி சாதாரண வேகத்துல போற மாதிரி போகுது."

"கிளட்ச் கருகிடுமே" என்றார் அவர்.

"அதேதான்! இப்ப திடீர்னு பிரேக்கை எடுத்துட்டா?"

அவர் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். "மிதிச்ச மிதியில பறந்து போய் எதிலயாவது மோதும்."

"மோதிடுச்சு அத்தான். மருந்தை நிறுத்தினோம், அதுங்களே துடிச்சுச் செத்துப்போச்சு. மிச்சம் இருந்ததுல மருந்து மறுபடியும் வேலை செஞ்சுது."

"நிறுத்தினா நல்லதுங்கிற" என்றார் அவர்.

"குடுவையில" என்றாள் சின்னவள். அதற்குள் அக்கா குழம்பை நீட்டினாள். பேச்சு குழாய் ரிப்பேருக்குத் தாவியது. சின்னவளுக்கு அந்த மதியம் அத்தோடு மறந்துபோனது.

அதற்குப் பிறகு அத்தான் தேறினார். அது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்த பின் வண்டியில் ஏறாமல் வகுப்பறையில் சாலைக் குறியீடுகளை மட்டும் சொல்லிக்கொடுத்தவர், மறுபடி காரில் ஏறினார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினார். "உடம்பு மாத்திரைக்குப் பழகிடுச்சு" என்றார். வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை என்பதால் அதைக் காரிலேயே வைத்துக்கொண்டு, காலையில் முதல் ஆள் வருவதற்குள் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நம்பாமல் இருக்க யாருக்கும் காரணம் இல்லை.

மீசையும் கறுத்தது. அக்காவுக்கு அது தீராத வேடிக்கையாகிவிட்டது.

"சாயம் பூசுறார்டி" என்று தங்கையிடம் போனில் சொன்னாள். "கேட்டா இல்லேன்னு சத்தியம் பண்றார். புதுசா ஒரு டீச்சரம்மா வண்டி பழக வர்றாங்களாம். எனக்கு இப்பதான் புரியுது."

சின்னவளும் சிரித்தாள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போனபோதுதான் அந்தச் சிரிப்பு அடங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் முகத்தில் நேராக விழுந்தது. மீசையின் நுனி வெள்ளையாக இருந்தது. அடி மட்டும் கறுப்பு. புருவமும் அப்படித்தான். சாயம் பூசிய முடி வளர்ந்தால் அடியில் வெள்ளை தெரியும், நுனி கறுப்பாக இருக்கும். இது தலைகீழாக இருந்தது.

அவளுக்கு அந்த மாத்திரையைத் தெரியும். கட்டிக்குப் போகிற சமிக்ஞைகளைத் தடுக்கும்போது, முடிக்கு நிறம் தருகிற செல்களுக்கு வேண்டிய ஒரு சமிக்ஞையையும் அது சேர்த்துத் தடுத்துவிடும். முடி வெளுப்பது அதனால்தான். மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரை அடி கறுப்பதற்கு வழியே இல்லை.

அவர் பேப்பரைத் திருப்பினார். விரல்களும் உள்ளங்கையும் மழமழவென்று, புதுத் தோலோடு இருந்தன.

"அத்தான், எனக்குக் கொஞ்சம் பார்க்கிங் சொல்லிக்கொடுங்களேன். இப்பவும் ரெண்டு காருக்கு நடுவுல விடத் தெரியல" என்றாள் சின்னவள்.

"உனக்கு நான்தானே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தேன்? வெளியில சொல்லாத" என்று அவர் எழுந்தார்.

பள்ளியின் சின்ன வெள்ளைக் காரை அவள் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு தெரு தாண்டி, கடைகள் மூடியிருந்த ஓர் அகலமான சாலையில் திரும்பியதும் அவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க அத்தான்?"

கேட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வண்டி ஓரமாகச் சாய்ந்தது. அவர் கால் அசைந்தது, வண்டி நின்றது. முன்னால் குப்பைத்தொட்டி ஒன்று நூலிழையில் தப்பித்தது.

"முதல்ல ரோட்டைப் பாரு" என்றார். பிறகு, "நீ சொன்னதுக்கு அடுத்த வாரம்" என்றார்.

"நான் என்ன சொன்னேன்?"

"நிறுத்தினா அதுங்களே செத்துடும்னு. மறுபடி ஆரம்பிச்சா மருந்து வேலை செய்யும்னு. உன் வாயாலதானே சொன்ன?"

சின்னவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அத்தான், அது வேற மருந்து. வேற கட்டி. நான் வெச்சிருக்கிறது நுரையீரல் கட்டி."

"என்னோடதும் நுரையீரல்லதானே இருக்கு?"

"அங்க வந்து குடியிருக்கு. பொறந்தது சிறுநீரகத்துல. குணம் எல்லாம் அந்த வீட்டுக் குணம்தான். வாடகைக்கு வீடு மாறினா ஆள் மாறிடுவானா?"

அவர் லேசாகச் சிரித்தார். "அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அந்தக் கேள்வியில் கோபம் துளியும் இல்லை. சொல்லாமல் விட்டது அது மட்டுமில்லை. ஆறு குடுவைகளில் நான்கில்தான் மருந்தை நிறுத்தியதும் செல்கள் செத்தன. மற்ற இரண்டில் அவை முன்னைவிட வேகமாகப் பெருகின. அதை ஆராய்ச்சிக்கூடத்துப் பேராசிரியரிடம் சொல்லியிருந்தாள். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் போட்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்த ஒரு மதியத்தில் யார் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

இப்போது சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"அந்த ரெண்டுல நான் இருக்கலாம்."

"எதுலயும் இல்லாமலும் இருக்கலாம். அதுதான் அத்தான் யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கால் வலிக்குதுன்னாவது சொல்லியிருக்கலாமே?"

அவர் தன் காலடியில் இருந்த பிரேக்கைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டுட்டு இருந்தப்ப ஒருநாள், வண்டி பழக்குற ஆள் வரல. நான்தான் வண்டியில போனேன். காலேஜ் பையன் ஒருத்தன் ஓட்டினான். திருப்பத்துல சைக்கிள்ல ஒரு அம்மா வந்தாங்க. அவன் பார்க்கல. நான் பார்த்தேன். மிதிக்கணும்னு கால் போச்சு. ஆனா பாதம் பட்டதும் உயிரே போற மாதிரி ஒரு வலி. கால் தானா பின்னாடி இழுத்துக்கிச்சு. ஒரு நொடிதான். மறுபடி மிதிச்சேன், நின்னுச்சு. அந்த அம்மா புடவை பம்பர்ல உரசிட்டுப் போச்சு. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, திரும்பிக்கூடப் பார்க்கல." அவர் மீசையைத் தடவினார். "டாக்டர்கிட்ட சொன்னா வண்டியை விட்டுடுங்கம்பாரு. இல்லேன்னா மாத்திரையை நிறுத்திட்டு, இதுக்கு மேல வைத்தியம் ஒண்ணும் இல்லேம்பாரு. ரெண்டையும் கேக்கத் தெம்பு இல்ல. அந்த நேரம் பார்த்து நீ வந்து சொன்ன. கடவுளே அனுப்பின மாதிரி இருந்துச்சு."

வண்டிக்குள் சூடேறியது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"டாக்டர்கிட்டயே போயிடலாம். உங்கக்கா எதுக்கு?"

"அத்தான்."

"சரி, சொல்றேன். நீ கூட இரு."

அக்கா சத்தம் போடுவாள் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவள் சத்தமே போடவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்தாமல், அவர் சொன்னவரையில் கேட்டுக்கொண்டாள். கடைசித் துண்டையும் மடித்து அடுக்கி வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறேன். என் வீட்டு மீசையைப் பார்த்துட்டு சாயம்னு சிரிச்சிட்டு இருந்திருக்கேன்" என்றாள். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினாள். "நீ இனிமே சோறு தின்னும்போது ஆராய்ச்சி பேசாத. உன் வேலையை உன் கூடத்திலேயே வெச்சுக்க."

"அவளை எதுக்குத் திட்டுற? நான்தான்…" என்று ஆரம்பித்தார் அத்தான்.

"உங்களுக்கு இன்னும் வரல. உங்க முறை வரும்" என்று சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளே மூவரும் மருத்துவரிடம் போனார்கள். அவர் மெலிந்த, நிதானமான மனிதர். கேட்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுவார். அத்தான் எதையும் மறைக்காமல் சொன்னார். சைக்கிள் அம்மாவைப் பற்றியும் சொன்னார். அக்கா அதை அங்கேதான் முதன்முறையாகக் கேட்டாள். அவள் கை போய்க் கணவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"எங்கிட்ட ஒவ்வொரு தடவையும் பரவாயில்லைன்னுதானே சொன்னீங்க?" என்றார் மருத்துவர்.

"பழக்கம் டாக்டர். பக்கத்துல இருக்கிறவன் பதறினா ஓட்டுறவனுக்குக் கை நடுங்கும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "இங்க ஓட்டுறது நான். நீங்க தாராளமா பதறலாம்." பிறகு பொறுமையாகச் சொன்னார். "சிலருக்கு நாங்களே நடுவுல இடைவெளி விடுறது உண்டு. அளவைக் குறைக்கிறதும் உண்டு. ஆனா படம் எடுத்துப் பார்த்துட்டு விடுவோம், விட்டுட்டும் பார்த்துக்கிட்டே இருப்போம். நீங்க கண்ணைக் கட்டிக்கிட்டு விட்டுட்டீங்க. முதல்ல ஸ்கேன் எடுப்போம்."

ஸ்கேன் முடிவு வரும்வரை அக்கா தங்கையிடம் பேசவில்லை. சின்னவள் தினமும் போன் செய்தாள். அத்தான்தான் எடுப்பார். "உங்கக்கா குளிக்கிறா" என்பார். காலையிலும் குளிப்பாள், மத்தியானமும் குளிப்பாள், விளக்கு வைத்த பிறகும் குளிப்பாள்.

முடிவு நல்லதும் இல்லை, மோசமும் இல்லை. இரண்டு புள்ளிகள் அப்படியே இருந்தன. மூன்றாவது மட்டும் வளர்ந்திருந்தது. புதிதாக எதுவும் இல்லை. மருத்துவர் அதே மாத்திரையைக் குறைந்த அளவில் ஆரம்பித்தார். சில வாரம் போடுவது, பிறகு ஓய்வு, மறுபடி போடுவது என்று முறை வகுத்துக்கொடுத்தார். காலுக்குத் தடவக் களிம்பு கொடுத்தார், மெத்தென்ற செருப்பு வாங்கச் சொன்னார். "மருந்து போடுற வாரத்துல வண்டி வேண்டாம். ஓய்வு வாரத்துல கால் ஆறியிருந்தா ஓட்டச் சொல்லிக்கொடுங்க" என்றார். அத்தானுக்கு நம்பவே முடியவில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காகத்தானா இத்தனை நாள் திருட்டுத்தனம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் சின்னவள் பேராசிரியர் அறைக்குப் போனாள். மற்றொரு நகரத்தில் நடக்க இருந்த மாநாட்டில் அவள் பேச வேண்டியிருந்தது.

"மேடம், அந்த ரெண்டு குடுவையை முன்னாடி கொண்டுவரப்போறேன். நாலைச் சொன்ன உடனே இந்த ரெண்டையும் சொல்லணும்" என்றாள்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இருபது நிமிஷம்தான் தருவாங்க. கேக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்குமே?"

"குழப்பமாத்தான் மேடம் இருக்கு."

அவள் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். பேராசிரியர் கேட்டு முடித்து, "உங்க அத்தான் கால் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். பிறகு, "அந்த ரெண்டு குடுவையில இருந்து உறைய வெச்சது இருக்கில்ல? எடு. அதுங்க ஏன் சாகலன்னு பாரு. இனி உன் வேலை அதுதான்" என்றார்.

சின்னவள் உறைந்த குழாய்களை எடுத்து உருக்கி மறுபடி வளர்த்தாள். மாதக்கணக்கில் அதையே பார்த்தாள். அந்த இரண்டு குடுவைகளிலும் இருந்த செல்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கவே இல்லை என்பது மெல்ல மெல்லத் தெரிந்தது. அவை மருந்து தொடாத வேறொரு பாதையைத் திறந்து வைத்திருந்தன. பிரேக்கைப் போட்டால் அந்த ஒரு வழியில் போயின, எடுத்தால் இரண்டு வழியிலும் போயின. அது ஏன் சில செல்களுக்கு மட்டும் முடிகிறது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

அடுத்த ஸ்கேனில் அத்தானின் மூன்றாவது புள்ளி கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதற்கடுத்த ஸ்கேனில் அப்படியே நின்றது. "நிக்கிறதே பெரிய விஷயம்" என்றார் மருத்துவர். அத்தான் தலையாட்டினார். இதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அக்காவின் கோபம் எந்த நாளில் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒருநாள் போனை அவளே எடுத்தாள். இன்னொரு நாள் தங்கைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்தாள். பிறகு கடை விடுமுறையாக இருந்த ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள்.

"அது எப்படித்தான் இருக்கும்னு பார்க்கணும்" என்றாள்.

சின்னவள் அவளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டாள். இன்குபேட்டரைத் திறந்து ஒரு குடுவையை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். அக்கா குனிந்தாள். கலங்கலாக இருந்தது. யாரும் சொல்லாமலே திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டாள். வெகுநேரம் நிமிரவில்லை. ஒட்டிக்கொண்டு, விரிந்து, ஒன்றோடொன்று கை கோத்த மாதிரி செல்கள் பரவிக் கிடந்தன. இடையில் ஒன்று உருண்டு திரண்டு, நடுவில் ஒடுங்கி, இரண்டாகப் பிரிகிற நிலையில் இருந்தது.

"அழகா இருக்கே சனியன்" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"இது எப்பதான் சும்மா இருக்கும்?"

"இருக்காது. இருக்க வைக்கத்தான் பார்க்கிறோம்."

அக்கா இன்னொரு முறை பார்த்தாள். "இப்ப நான் பார்க்கிறது அந்த நாலுல ஒண்ணா, ரெண்டுல ஒண்ணா?"

சின்னவளுக்கு வியப்பாக இருந்தது. தன்னோடு பேசாமல் இருந்த நாட்களில் அக்கா எல்லாவற்றையும் அத்தானிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"ரெண்டுல ஒண்ணு."

"சரி, சொல்லு. மெதுவாவே சொல்லு, எனக்கு இன்னிக்கு லீவுதான்" என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள் அக்கா.